புரையும் பூவும்: இளமையில் வரும் முதுமையில் கண்ணின் நிலை

புறநானூற்றைக் கற்பிக்கும் தமிழாசிரியர்கள் பிசிராந்தையாரின் பாட்டைக் கடந்து செல்வதில்லை. ஆண்டுகள் பல சென்றும் தலை நரைக்கவில்லையே, அஃது எவ்வாறு என்று வினவியவர்களுக்கு அப்புலவர் விடை கூறிய பாட்டு அது. அந்நூலின் 191-ஆம் பாட்டு. மனைவியும் மக்களும் அறிவு நிரம்பியவர்கள். ஏவலர் தம் கருத்தறிந்து நடப்பவர்கள். மன்னன் அல்லன செய்யாமல் காப்பவன். ஊரிலோ கற்று அடங்கிய சான்றோர் பலர். கவலையில்லாத உள்ளத்துக்கு நரை வரத் தாமதமாயிற்று என்பது அவர் கருத்து.

இப்பாட்டைக் கேட்ட மாணாக்கன் ஒருவன் எழுந்து, “ஐயா, ஆண்டு முதிர்ந்தும் நரை வராதவரைப் பற்றிச் சொன்னீர்கள். ஆண்டு முதிராமலே நரையும் திரையும் வருவதுண்டா?” என்று கேட்பானாயின் என்ன விடை சொல்வது? உண்டு என்பதே விடை. பத்து வயதில் முடி உதிர்ந்து, தோல் சுருங்கி, மூட்டுகள் இறுகி, அறுபதைக் கடந்தவர் போலத் தோன்றும் குழந்தைகள் உலகில் இருக்கிறார்கள். மிக மிக அரிய நோய் அது. அந்நோயில் கண் என்ன ஆகிறது என்பதையே இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. அரிய நோயைப் பற்றி நமக்கேன் கவலை என்று ஒதுக்கிவிடலாகாது. அதன் கதையில் நம் வீட்டுத் திருமணமும், நம் வகுப்பறையும், தாய்மார் மீது காலங்காலமாகச் சுமத்தப்படும் பழியும் கலந்திருக்கின்றன.

மூன்று சொற்கள்

முதுமையில் கண்ணுக்கு வரும் குறைகளைக் குறிக்க நம் மக்களிடம் மூன்று சொற்கள் வழங்குகின்றன. ஜாசினிலும் அலோர்காஜாவிலும் மெர்லிமாவிலும் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த மூதாட்டியர் இச்சொற்களைப் பிழையின்றி ஆண்டனர். அத்தோட்டங்கள் பலவற்றில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்து மக்களிற் பெரும்பாலோர் நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். ஆயினும் சொற்கள் மறையவில்லை.

முதலாவது வெள்ளெழுத்து. நாற்பதைக் கடந்தவர் செய்தித்தாளைக் கையெட்டும் தூரம் தள்ளிப் பிடிக்கிறாரே, அக்குறை. கண்ணுக்குள் இருக்கும் வில்லை தன் நெகிழ்ச்சியை இழப்பதால் கிட்டத்துப் பொருள் மங்குகிறது.

இரண்டாவது புரை. அதே வில்லை, தெளிவிழந்து பால்போல் வெளுத்துவிடுகிறது. கண்மணியின் நடுவே, உள்ளே, வெண்மை தோன்றும்.

மூன்றாவது பூ. “கண்ணில் பூ விழுந்துவிட்டது” என்பார்கள். இது வில்லையில் வருவதன்று. கண்ணின் முகப்பில், கடிகாரத்துக்குக் கண்ணாடி மூடியிருப்பது போல மூடியிருக்கும் தெளிந்த படலத்தில் புண் உண்டாகி ஆறும்போது எஞ்சும் வெள்ளைத் தழும்பே பூ. இப்படலத்தைக் கருவிழிப் படலம் என்று இங்கே குறிப்போம்.

புரை உள்ளே விழுவது. பூ வெளியே விழுவது. இவ்வேறுபாட்டை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். குழந்தைப் பருவத்திலேயே முதுமை அடைந்தவர்க்குக் கண்ணில் என்ன விழும் என்று கேட்டால், முதியோர் நோய் என்றவுடன் நினைவுக்கு வருவது புரையாதலால், புரை என்றே நாம் விடை சொல்வோம். உண்மை வேறு.

இரு நோய்கள், இரு மருத்துவர்கள்

இளமையில் முதுமையைக் கொணரும் நோய்கள் பல. அவற்றுள் தலையாயவை இரண்டு.

1886-இல் லண்டன் மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன், மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அச்சிறுவனுக்குத் தலைமுடி இல்லை. தோல் மெலிந்து சுருங்கியிருந்தது. 1897-இல் ஹேஸ்டிங்ஸ் கில்போர்டு என்ற மற்றொரு ஆங்கில மருத்துவர் இதே நிலையை விரித்துரைத்து, 1904-இல் ‘புரோஜீரியா’ என்று பெயரிட்டார். முன்கூட்டிய முதுமை என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். இருவர் பெயராலும் இந்நோய் இன்று வழங்குகிறது.

ஹட்சின்சன் தம் கட்டுரைக்கு இட்ட நீண்ட தலைப்பில் ஒரு செய்தியையும் சேர்த்திருந்தார். சிறுவனின் தாய்க்கு ஆறு வயது முதல் ஏறத்தாழ முடியே இல்லை என்பது அது. மகனின் நிலைக்குத் தாயிடம் காரணம் தேடும் மனப்போக்கு நோயின் முதற் குறிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. அத்தேடல் தவறு என்பதை மெய்ப்பிக்க 117 ஆண்டுகள் ஆயின. அதைப் பின்னர்க் காண்போம்.

இரண்டாவது நோய் வெர்னர் நோய். ஜெர்மனியில் கீல் நகரக் கண் மருத்துவப் பிரிவில் பயின்ற ஓட்டோ வெர்னர் என்ற இளைஞர், 1904-இல் தம் பட்ட ஆய்வுரையை அளித்தார். தோல் இறுகும் நிலையோடு சேர்ந்து வரும் கண்புரை என்பதே அதன் தலைப்பு. ஒரே குடும்பத்தில் உடன்பிறந்தார் நால்வருக்கு இளம் பருவத்திலேயே புரை விழுந்திருந்தது, முடி நரைத்திருந்தது, கால்களின் தோல் இறுகியிருந்தது. ஆக, இந்நோய் உலகுக்கு அறிமுகமானதே கண்ணின் வழியாகத்தான்.

ஒரே ஆண்டில் ஒரு நோய் பெயர் பெற்றது. மற்றொன்று அறிமுகம் பெற்றது. இரண்டும் முதுமை நோய்களே. எனினும் ஒன்று கண்ணின் உள்ளே தாக்குவது. மற்றொன்று கண்ணின் வெளியே தாக்குவது.

எழுத்து மாறியதா, பதம் பிரிந்ததா?

முதலில் புரோஜீரியாவைப் பார்ப்போம். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்களால் ஆன மரபேடு ஒன்று உள்ளது. இவ்வேட்டில் நான்கே எழுத்துக்கள். மூன்று எழுத்துச் சேர்ந்தால் ஒரு சொல். ஒவ்வொரு சொல்லும் புரதம் கட்டுவதற்கு வேண்டிய ஒரு செங்கல்லைக் குறிக்கும். ஏட்டின் ஒரு பகுதி ‘லாமின்-ஏ’ என்ற புரதத்தைச் செய்யும் மரபணு. உயிரணுவின் நடுவே உள்ள உட்கருவுக்குச் சுவராகவும் தூணாகவும் நிற்பது அப்புரதம்.

2003-இல் பிரான்சிஸ் காலின்சு குழுவினர் அமெரிக்காவிலும், மற்றொரு குழுவினர் பிரான்சிலும், புரோஜீரியாக் குழந்தைகளிடம் இம்மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டனர். மாற்றம் நிகழ்ந்தது 608-ஆம் சொல்லில். வியப்பு என்னவெனில், மாறிய சொல்லுக்கும் மாறாத சொல்லுக்கும் பொருள் ஒன்றே. இரண்டும் அதே செங்கல்லையே குறிக்கின்றன. பொருள் மாறாத எழுத்து மாற்றம் நோயை உண்டாக்குவது எப்படி?

தமிழாசிரியர்க்கு இதை விளக்குவது எளிது. ‘செம்பொன்பதின்தொடி’ என்ற தொடரை இலக்கண வகுப்பில் எழுதிக் காட்டுகிறோம் அல்லவா? செம்பொன் பதின்தொடி எனப் பிரித்தால் பத்துத் தொடி பொன். செம்பு ஒன்பதின்தொடி எனப் பிரித்தால் ஒன்பது தொடி செம்பு. பிரிக்கும் இடம் மாறினால் பொன் செம்பாகிவிடுகிறது! மரபேட்டைப் படிக்கும்போதும் உயிரணு சில இடங்களில் வெட்டிச் சில இடங்களில் ஒட்டிப் பதம் பிரித்தே பொருள் கொள்கிறது. 608-ஆம் சொல்லில் மாறிய அந்த எழுத்து, ‘இங்கே வெட்டுக’ என்ற பொய்க் குறியாகத் தோன்றிவிடுகிறது. உயிரணு அங்கே வெட்டுகிறது. 150 எழுத்துக்கள் விழுந்துபோகின்றன. புரதத்தில் 50 செங்கற்கள் குறைகின்றன. இக்குறைப் புரதத்துக்குப் புரோஜெரின் என்று பெயர்.

நல்ல லாமினுக்குத் தொடக்கத்தில் எண்ணெய்ப் பசையுடைய வால் ஒன்று ஒட்டப்படும். வேலை முடிந்தபின் அவ்வால் அறுக்கப்படும். அறுக்க வேண்டிய இடம், தவறி விழுந்த அந்த 50 செங்கற்களுள் இருந்தது. எனவே புரோஜெரின் வாலோடு உட்கருச் சுவரில் ஒட்டிக்கொண்டு விலக மறுக்கிறது. உட்கரு உருக்குலைகிறது. இரத்தக் குழாய்ச் சுவர், தோல், எலும்பு ஆகியவற்றின் உயிரணுக்கள் நலிகின்றன. மூளை உயிரணுக்கள் லாமின்-ஏ புரதத்தை மிகக் குறைவாகவே செய்வதால், மூளை தப்பிவிடுகிறது. உடல் முதிர்ந்தாலும் இக்குழந்தைகளின் அறிவு அவர்தம் வயதுக்கேற்ற அறிவே. சிந்தனையில் தளர்ச்சி இல்லை.

இவ்வெழுத்து மாற்றம் பெற்றோரிடம் இருப்பதில்லை. கரு உருவாகும் நிலையில் தற்செயலாகப் புதிதாக நேர்வது அது. தாய் கருவுற்றிருந்தபோது கிரகணத்தைப் பார்த்தாள், கூடாத உணவை உண்டாள், வேண்டுதலை நிறைவேற்றத் தவறினாள் என்றெல்லாம் ஊரார் கூறும் பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. ஹட்சின்சன் குறித்த அத்தாயின் முடியின்மைக்கும் மகனின் நோய்க்கும் தொடர்பில்லை. உலகில் 40 லட்சம் பிறப்புக்கு ஏறத்தாழ ஒன்று என்ற அளவில் இந்நோய் வருகிறது. நம் நாட்டில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ நான்கு லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. கணக்குப் பார்த்தால், பத்தாண்டுக்கு ஒரு குழந்தை இங்கே இந்நோயோடு பிறக்க வாய்ப்புண்டு. அக்குழந்தை எந்த இனத்தில், எந்த ஊரில் பிறக்கும் என்று யாரும் முன்னுரைக்க இயலாது.

மூடாத இமை

புரோஜீரியாக் குழந்தை பிறக்கும்போது மற்றக் குழந்தைகளைப் போலவே தோன்றும். முதலாண்டிலும் இரண்டாமாண்டிலும் வளர்ச்சி தடைப்பட்டு, முடி உதிர்ந்து, தோலுக்கடியில் உள்ள கொழுப்புக் கரைகிறது. முகம் சிறுத்து, தோல் இறுகி, கண்கள் பெரிதாக முன்தள்ளியன போலக் காணப்படும். இங்கேதான் கண்ணின் துன்பம் தொடங்குகிறது.

இமைக்குரிய தோல் இறுகுவதால் உறங்கும்போது கண் முழுதும் மூடுவதில்லை. கீற்றளவு திறந்தே கிடக்கிறது. விழித்திருக்கும்போது நாம் ஒவ்வொரு நிமிடமும் பலமுறை இமைத்துக் கண்ணீரைக் கருவிழிமேல் பூசிக்கொள்கிறோம். உறக்கத்தில் மூடிய இமையே போர்வை. போர்வை விலகிய கண், இரவு முழுதும் காற்றுப்பட்டு உலர்கிறது. உலர்ந்த படலத்தில் சிறு சிறு புண்கள் தோன்றுகின்றன. காலையில் கண் சிவந்து உறுத்துகிறது. வெளிச்சத்தைக் காணக் கூசுகிறது. புண் ஆழமானால் ஆறும்போது தழும்பாகிப் பூ விழுகிறது. புருவமும் இமைமயிரும் உதிர்ந்துபோவதால் வியர்வையையும் தூசியையும் தடுக்கும் வேலியும் இல்லாமற் போகிறது.

பாஸ்டன் குழந்தை மருத்துவமனையின் கண் மருத்துவர்கள், அங்கே சிகிச்சைக்கு வந்த புரோஜீரியாக் குழந்தைகளை ஆராய்ந்து 2017-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். பெரும்பாலோரிடம் கண்டவை இரண்டு. ஒன்று, மேற்கூறிய உலர்வும் கருவிழிப் புண்ணும். மற்றொன்று, தூரப்பார்வை, கண்ணின் ஒளி குவியும் இடம் விழித்திரைக்குப் பின்னே தள்ளிப் போவது. இளங்குழந்தைகள் பலருக்கும் சிறிது தூரப்பார்வை உண்டு. ஆனால் வில்லையை நெகிழ்த்திக் குறையை ஈடுசெய்துகொள்வர். புரோஜீரியாக் குழந்தைக்கு அந்நெகிழ்ச்சியும் குறைந்துவிடுகிறது. எனவே பத்து வயதுப் பிள்ளைக்கு நாற்பதைக் கடந்தவரின் வெள்ளெழுத்து வந்துவிட்டது போன்ற நிலை. கரும்பலகை ஓரளவு தெரியும்; கையிலுள்ள புத்தகம் மங்கும்.

ஆனால் நாம் எதிர்பார்த்த புரை? அது இந்நோயின் இயல்பன்று. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பார்வை நன்றாகவே இருந்தது என்பதும், பார்வையைக் கெடுத்தது பெரும்பாலும் கருவிழியின் தழும்பே என்பதும் அம்மருத்துவர்களின் முடிவு. இதிலிருந்து நாம் அறிய வேண்டுவன இரண்டு. புரோஜீரியா என்பது முதுமை முழுமையும் விரைந்து வருவதன்று. முதுமையின் சில கூறுகள் மட்டும் வருவது என்பது ஒன்று. பார்வை இழப்புக்குக் காரணமான பூ, தடுக்கக்கூடியது என்பது மற்றொன்று. நோயை மாற்ற இயலாவிட்டாலும் பூவைத் தடுக்கலாம்!

அதற்குச் செய்ய வேண்டுவன எளியவை. பகலில் கண்ணை ஈரமாக்கும் சொட்டு மருந்து. இரவில் படுக்குமுன் கண்ணில் இடும் களிம்பு. மருத்துவர் காட்டித் தந்தபடி மெல்லிய ஒட்டுத்துணியால் இமையை மூடிவைத்தல், அல்லது ஈரம் காக்கும் மூடிக்கண்ணாடி அணிவித்தல். மின்விசிறியின் காற்று நேரே முகத்திற் படாமல் கட்டிலை மாற்றியிடுதல். வாசிக்கக் கண்ணாடி. ஆண்டுக்கு ஒருமுறையேனும் கண் மருத்துவர் பரிசோதனை. முகவாதத்தால் ஒருபக்க இமை மூடாது போன பெரியவர்களுக்கும் இதே முறைகள்தாம். ஆதலின் இவ்வறிவு அரிய நோயாளிக்கு மட்டும் உரியதன்று. மூடாத இமை எங்கிருந்தாலும் அங்கே பயன்படும்.

வெர்னர் நோயில் புரை

இனி மற்ற நோய்க்கு வருவோம். வெர்னர் நோயாளி, குழந்தைப் பருவத்தில் எவ்வேறுபாடுமின்றி வளர்வார். பதின்ம வயதில் மற்றவர் மளமளவென்று உயரும்போது இவர் உயர்வதில்லை. இருபதுகளில் நரை, குரல் மெலிவும் கரகரப்பும், தோல் இறுக்கம், கணுக்காலில் ஆறாப் புண். முப்பதை ஒட்டி இரு கண்களிலும் புரை. பின் நீரிழிவு, எலும்பு நலிவு, இரத்தக் குழாய் அடைப்பு, புற்று. பெரும்பாலோர் ஐம்பதுகளில் இறக்கின்றனர்.

இந்நோய்க்குரிய மரபணு 1996-இல் எட்டாவது நிறக்கோலில் கண்டுபிடிக்கப்பட்டது. மரபேட்டின் இரட்டை இழையைப் பிரித்துப் பழுது பார்க்கும் ஒரு நொதியைச் செய்வது அம்மரபணுவின் வேலை. பழுது பார்ப்பவர் இல்லாத வீடு விரைவில் பழையதாவது இயல்பே அன்றோ?

இங்கே கண் முன்னறிவிப்பாளராக நிற்கிறது. முப்பது வயதினர் ஒருவருக்கு இரு கண்ணிலும் புரை விழுமாயின், நீரிழிவோ, கண்ணில் பட்ட அடியோ, ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உட்கொண்டதோ காரணமா என்று மருத்துவர் முதலில் ஆராய்வார். அத்தோடு இளநரை, குள்ளத்தன்மை, காற்புண் ஆகியனவும் இருந்தால் வெர்னர் நோயை நினைத்தல் வேண்டும். புரையை எடுத்துவிட்டு ஆளை அனுப்பிவிட்டால், பின்னே வரும் புற்றையும் நெஞ்சுநோயையும் முன்கூட்டிக் காணும் வாய்ப்பு நழுவிவிடும்.

அறுவையிலும் எச்சரிக்கை வேண்டும். இந்நோயாளியின் திசுக்கள் எளிதில் ஆறுவதில்லை. பெரிய வெட்டு வைத்துப் புரையெடுத்த பழைய நாட்களில், வெட்டுவாய் திறந்துகொள்வதும் கருவிழி வீங்கி மங்குவதும் நேர்ந்தன. உள்ளே இருந்த புரையை எடுக்கப்போய் வெளியே பூவைப் பெற்ற கதையாக முடிந்ததுண்டு. இக்காலத்துச் சிறு வெட்டு முறை இவ்விடரைப் பெரிதும் குறைத்துள்ளது. ஆயினும் நோயின் பெயரை முன்கூட்டி மருத்துவரிடம் சொல்வது நோயாளியின் கடமை. முன்கூட்டி ஐயுறுவது மருத்துவரின் கடமை.

உறவில் மணமும் மறைந்த எழுத்தும்

புரோஜீரியா பெற்றோரிடமிருந்து வருவதன்று என்றோம். வெர்னர் நோயோ பெற்றோர் இருவரிடமிருந்தும் வருவது. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரு படியாக உள்ளது. ஒன்று தந்தை வழி, மற்றொன்று தாய் வழி. ஒரு படி பழுதாயினும் மற்றப்படி வேலையை நடத்திவிடும், நோய் தோன்றாது. பழுதுற்ற படியைத் தாங்கியவர் அதனை அறியாமலே நூறாண்டும் வாழலாம். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் இருபடியும் பழுதாய் அமையும். அப்பொழுதே நோய் வெளிப்படும்.

அரிய பழுதைத் தாங்கிய இருவர் தற்செயலாகச் சந்திப்பது அரிது. ஆனால் ஒரே பாட்டன் பாட்டியின் வழிவந்தவர் மணந்தால் அது அவ்வளவு அரிதன்று. அத்தை மகனும் மாமன் மகளும் தம் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாக உடையவர்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் நாலில் ஒரு பங்கைப் பொதுவாக உடையவர்கள். உறவு விட்டுப் போகக்கூடாது என்று மணம் முடிப்பது தமிழர் பலரிடம் நெடுநாளைய வழக்கம். கப்பலேறி வந்து தோட்டங்களில் குடியமர்ந்தோரும் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் நெருங்கிய உறவில் மணத்தைத் தடை செய்தபோதும், இந்துக்களின் வழக்கத்தை மதித்துத் தாய்மாமன் அக்காள் மகளை மணப்பதற்கு விலக்கு அளித்துள்ளது.

வெர்னர் நோயைப் பற்றி உலகில் வெளிவந்த செய்திகளில் நாலில் மூன்று பங்கு ஜப்பானிலிருந்து வந்தவை. சில மரபணுப் பழுதுகள் அந்நாட்டில் பழங்காலந் தொட்டுப் பரவியுள்ளமை இதற்கொரு காரணம். நம் பக்கத்தவர் இதற்கு விலக்கானவர் அல்லர். இந்திய, பாக்கிஸ்தானிய மரபினரான வெர்னர் நோயாளிகளிடம் அம்மரபினர்க்கே உரிய பழுதுகள் காணப்படுவதாகவும், அவை ஒரு முன்னோரிடமிருந்தே வந்திருக்கலாம் என்றும் 2013-இல் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டிற்று.

இதனால் உறவில் மணந்தோர் அனைவரும் அஞ்ச வேண்டும் என்று பொருளன்று. உறவு மணத்தில் பிறந்த பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே வாழ்கின்றன. ஆனால் ஒரு குடும்பத்தில் இளவயதில் புரை, இளவயதில் நரை, ஆறாக் காற்புண் என்று ஒருவருக்கு மேற்பட்டோர்க்கு நேர்ந்திருக்குமாயின், அக்குடும்பத்துக்குள்ளேயே மீண்டும் மணம் பேசுமுன் மரபியல் மருத்துவரின் அறிவுரையைக் கேட்பதே அறிவுடைமை. கோலாலம்பூர் மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் அதற்கென மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஜாதகம் பார்க்க ஒரு நாள் ஒதுக்கும் நாம், குடும்பத்தின் நோய் வரலாற்றைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கலாகாதா? பழுதான எழுத்தைத் தாங்குவோர் தந்தை தாய் இருவருமே. பெண்ணை மட்டும் குற்றங்கூறும் வழக்கத்துக்கு இங்கும் இடமில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

மருந்தும் கண்ணும்

1999-இல் அமெரிக்காவில், புரோஜீரியா உற்ற சாம் பெர்ன்சு என்ற சிறுவனின் பெற்றோரான மருத்துவர்கள் லெஸ்லி கார்டன், ஸ்காட் பெர்ன்சு ஆகியோர் இந்நோய்க்கென ஓர் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினர். அந்நாளில் நோயின் காரணமே தெரியாது. நான்கே ஆண்டில் மரபணு கண்டறியப்பட்டது. புரோஜெரினில் எண்ணெய் வால் ஒட்டுவதைத் தடுக்கும் லோனபார்னிப் என்ற மருந்து, முதலில் புற்றுநோய்க்கென ஆராயப்பட்டது. அது இக்குழந்தைகளுக்குப் பயன்படுமா என்று சோதிக்கப்பட்டது. 2020 நவம்பரில் அமெரிக்க அரசின் மருந்து ஆணையம் அதற்கு ஒப்புதல் அளித்தது. மருந்தில்லாத குழந்தையின் சராசரி வாழ்நாள் பதினான்கரை ஆண்டு. நெஞ்சுநோயோ மூளை இரத்தக்குழாய் அடைப்போ உயிரைக் கொள்ளும். மருந்து உண்டவர்களைப் பதினோராண்டு வரை தொடர்ந்து பார்த்ததில், வாழ்நாள் சராசரி இரண்டரை ஆண்டு நீண்டது. சாம் 2014-இல் தம் பதினேழாம் வயதில் மறைந்தார். ஆனால் அவர் பொருட்டுத் தொடங்கிய தேடல் மற்றக் குழந்தைகளுக்கு ஆண்டுகளைக் கொடுத்தது.

இம்மருந்திலும் கண்ணைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றுண்டு. குரங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, மங்கிய வெளிச்சத்தில் காணும் ஆற்றல் குறைந்தது. ஆகவே இம்மருந்தை உண்ணும் குழந்தைகளுக்குக் காலமுறைப்படி கண் பரிசோதனை வேண்டும். பார்வையில் புதிதாக மாறுதல் தோன்றினால் உடனே காட்ட வேண்டும்.

வேறொன்றும் இங்கே குறிப்பிடத்தக்கது. நோயற்ற நம் உடலிலும் புரோஜெரின் மிகச் சிறிய அளவில் உண்டாகிறது என்று 2006-இல் கண்டனர். அக்குழந்தைகளிடம் வெள்ளமாய்ப் பாய்வது, நம்மிடம் துளியாய்க் கசிகிறது. அவர்களைப் பற்றிய ஆராய்ச்சி, அனைவர் முதுமையையும் பற்றிய ஆராய்ச்சியாக விரிவது இதனாலேயே.

ஆசிரியர் கையில்

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் பணியாற்றும் ஆசிரியர், தம் வாழ்நாளில் புரோஜீரியாக் குழந்தை எதனையும் காணாமலே ஓய்வு பெறக்கூடும். ஆனால் கண் குறையுற்ற பிள்ளையைக் காணாமல் ஓய்வு பெறும் ஆசிரியர் இரார். மேலே சொன்னவற்றுள் வகுப்பறைக்குப் பயன்படுவனவற்றைத் தொகுத்துச் சொல்லலாம்.

முதலாவது, பலகையை நன்றாகப் படித்துவிட்டுப் புத்தகத்தில் தடுமாறும் பிள்ளையை மந்தன் என்று முடிவு கட்டலாகாது. தூரப்பார்வையாக இருக்கலாம். பலகை தெரியாத பிள்ளையையே நாம் கண் மருத்துவரிடம் அனுப்பிப் பழகிவிட்டோம். புத்தகம் தெரியாத பிள்ளையையும் அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, காலைதோறும் சிவந்த கண்ணோடு வந்து, வெளிச்சத்துக்கு முகம் சுளிக்கும் பிள்ளையின் தாயிடம், “உறங்கும்போது இவன் கண் முழுதும் மூடுகிறதா, அம்மா?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். மூடவில்லையெனில், அரசு கிளினிக் வழியாக மலாக்கா மருத்துவமனைக் கண் பிரிவுக்குச் செல்லுமாறு சொல்லலாம். கண்ணில் வெள்ளையாக எதுவும் தென்பட்டால், உள்ளே புரையோ வெளியே பூவோ எதுவாயினும், நாள் கடத்தலாகாது. தாய்ப்பால் விடுவதும், இலைச்சாறு பிழிவதும், நாவால் துழாவித் தூசி எடுப்பதும் புண்ணில் கிருமியைச் சேர்த்துப் பூவை விரைவுபடுத்தும்.

மூன்றாவது, தோற்றத்தால் வேறுபட்ட பிள்ளை வகுப்புக்கு வந்தால், அப்பிள்ளையின் அறிவுக்கு மற்றப் பிள்ளைகளுக்கு வைக்கும் அதே பாடத்தையே வைக்க வேண்டும். முன் வரிசையில் இடம், பெரிய எழுத்து, கூசாத வெளிச்சம், காற்றும் தூசியும் நேரே படாத இருக்கை ஆகிய இவற்றுக்குச் செலவில்லை. ‘கிழவன்’ என்று ஒருவன் கேலி செய்வானாயின், பெயரிட்டு அழைக்கும் பழக்கத்தை வகுப்பு முழுதுக்கும் ஆசிரியரே முதலில் காட்ட வேண்டும்.

பிசிராந்தையார் தமக்கு நரை வராததற்குச் சொன்ன காரணங்களை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். வீடு, ஏவலர், அரசு, ஊர் என நான்கையும் அவர் சொன்னார். மரபேட்டில் ஓரெழுத்து மாறிய குழந்தையின் நரையை இந்நான்கும் சேர்ந்தாலும் தடுக்க இயலாது. ஆனால் இரவில் களிம்பிட ஒரு தாய், ஒட்டுத்துணியின் பயனை எடுத்துரைக்க ஒரு மருத்துவர், பரிசோதனைக்கு வழிசெய்யும் ஓர் அரசு, புத்தகத்தைப் பெரிய எழுத்தில் எழுதித் தரும் ஓர் ஆசிரியர் இருந்தால், அக்குழந்தையின் கண்ணில் பூ விழாமல் காக்கலாம். வாழும் ஆண்டுகள் சிலவே ஆயினும், அத்தனை ஆண்டும் அக்குழந்தை தன் தாயின் முகத்தைத் தெளிவாகக் காணும்.